லண்டன் என்று அடைப்புக்குறிக்குள்

1

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்கு மாவிளக்கு ஏற்றி, விரதம் முடித்து இலையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் என் மகள் கலைச்செல்வி கீழே தபால் பெட்டியைத் திறந்து அரியலூர்க் கடிதத்தை எடுத்து வந்தாள். நாங்கள் இருப்பது பன்னிரண்டாவது மாடி. தபால்காரர் மேலே வரமாட்டார். சிங்கப்பூரில் எல்லாம் பெட்டிதான்.

எழுதியிருந்தவன் என் அக்கா மகன் செல்வராஜ். அரும்பாவூரில் பெண் பார்த்து முடித்தாகிவிட்டது, பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தை மாதம் கல்யாணம். பத்திரிகையைப் பெண் வீட்டார் அச்சடிக்கிறார்கள். அதற்கு முன் தாய்மாமன் பார்க்க வேண்டும் என்று கையால் எழுதிய நகல் ஒன்றை உடன் வைத்திருந்தான்.

"மாமா, உங்க பேருதான் மொதல்ல வருது. பேருக்குப் பின்னால என்ன போடறதுன்னு உடனே எழுதுங்க. எல்லாருக்கும் இருக்கு, உங்களுக்கு மட்டும் வெறுமனே விட்டா நல்லா இல்லன்னு பிரஸ்காரர் சொல்றாரு."

சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை தெரிந்தவர்களுக்கு இது புரியும். மாப்பிள்ளையின் பெரியப்பா பேரன் பி.யு.சி. படித்தால் அதுவும் பெயருக்குப் பின்னால் வரும். நான் வேலை பார்த்த மண்டி முதலாளி தன் மகன் பத்திரிகையில் 'பி.ஏ. (பெயில்)' என்றே போட்டார். கல்லூரி வாசலை மிதித்தான் என்று ஊருக்குத் தெரிய வேண்டுமாம். நான் ஒன்பதாம் வகுப்பில் தோற்றவன். எனக்கு என்ன போடுவது?

சிரித்துக்கொண்டே நகலைக் கீழே வரைக்கும் படித்தேன். 'நல்லாசியுடன் வாழ்த்துவோர்' என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது. அதன் பின்னால் பி.காம்., அதன் பின்னால் எஃப்.ஜி.ஐ.ஏ., அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் லண்டன். கீழே 'நிதி ஆலோசகர், அரியலூர் – பெரம்பலூர்'.

எழுந்து கை கழுவிவிட்டேன்.

"என்னங்க, பாதியில எந்திரிக்கிறீங்க? வெரதச் சாப்பாடு" என்றாள் என் மனைவி செல்லம்.

"அந்த ஆள்" என்றேன்.

அவளுக்கும் அவ்வளவு போதும். எங்கள் குடும்பத்தில் 'அந்த ஆள்' ஒரே ஒருவன்தான்.

2

பதினாறு வருஷத்துக்கு முன்னால் நான் அரியலூரில் ஒரு கடலை மண்டியில் குமாஸ்தா. என் அக்கா அலமேலுவின் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். செல்வராஜுக்கு அப்போது ஏழு வயது. அலைந்து திரிந்து, பல கையெழுத்துப் போட்டு, நஷ்டஈடு என்று ஒரு தொகை வந்தது. எவ்வளவு என்று எழுத விருப்பமில்லை. ஒரு மனிதருக்கு அதுதான் விலை என்று சொன்னால் யாருக்கும் வயிறு எரியும்.

அந்தச் சமயத்தில்தான் கடைத்தெருவில் ஒரு மாடி அறைக்குப் புது போர்டு மாட்டினார்கள். அக்காவை அழைத்துக்கொண்டு போனது நான். படியில் ஏறும் முன் அவள் நின்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"தம்பி, போர்டுல என்ன போட்டிருக்கு? படி."

படித்தேன். பெயர், பி.காம்., எஃப்.ஜி.ஐ.ஏ., லண்டன்.

"அப்படின்னா என்னாடா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அக்கா என்னை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறாள்.

"லண்டன்ல படிச்சு பாஸ் பண்ணவருக்கா. பணத்துக்கு டாக்டர் மாதிரி" என்றேன்.

"அப்ப சரி" என்று படி ஏறிவிட்டாள்.

உள்ளே அந்த ஆள் எழுந்து நின்று கும்பிட்டான். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ், ஓரத்தில் சிவப்பு முத்திரை. பக்கத்திலேயே பெருமாள் படம், துளசி மாலை.

"உக்காருங்கம்மா. இது பணம் இல்லம்மா, உங்க வூட்டுக்காரர் உசுரு. இத மேசையில வெச்சு நான் வாங்கமாட்டேன். சனிக்கெழம கல்லங்குறிச்சிக்கு வாங்க. பெருமாள் காலடியில ரசீத வெச்சு எடுத்துத் தரேன்."

அப்படியே செய்தான். கல்லங்குறிச்சிக் கலியபெருமாள் சந்நிதியில், விளைச்சலில் முதல் மரக்காலை ஜனங்கள் கொண்டுவந்து கொட்டுகிற அந்த இடத்தில், ரசீதைத் தட்டில் வைத்து, துளசியோடு எடுத்துக் கொடுத்தான். அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் ஒற்றிக்கொண்டேன். திருடுகிறவன் திருடட்டும். சாமி காலைப் பிடித்துக்கொண்டு ஏன் திருட வேண்டும்?

எட்டு மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. ஒன்பதாம் மாதம் அக்கா மண்டிக்கு வந்து நின்றாள்.

"தம்பி, மேல பூட்டிக் கெடக்கு. போர்டையும் காணும்."

போலீஸ் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ், திருச்சி என்று அலைந்தோம். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "படிச்சவங்கதானே நீங்க? வெசாரிக்காம குடுப்பீங்களா?" அக்கா அதே மண்டிக்குக் கடலை உடைக்க வந்தாள். நான் பேரேடு எழுதும் இடத்திலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரியும். நீதானே படித்துச் சொன்னாய் என்று அவள் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அரியலூரிலேயே இருந்திருப்பேன். அந்த முதுகைப் பார்க்க முடியாமல்தான் சிங்கப்பூருக்கு ஆள் பிடித்து வந்தேன்.

அக்கா ஒன்று செய்தாள். அந்தப் பெயரை அதன் பிறகு சொல்லவேயில்லை. "அந்தப் பேரு என் வாயில வரக்கூடாது, புள்ள காதுலயும் விழக்கூடாது" என்றாள். அது அவமானம் மறைக்கிற வழி, தீட்டு விலக்குகிற வழி. எங்கள் வீடுகளில் அப்படித்தான். நாங்களும் 'அந்த ஆள்' என்றே பழகிவிட்டோம்.

அதனால் என்ன ஆயிற்று பாருங்கள். பிள்ளைக்குப் பெயர் தெரியாது. தெரியாததனால் அந்தப் பெயரைத் தன் கல்யாணப் பத்திரிகையில் தானே கையால் எழுதி எனக்கு அனுப்புகிறான்.

3

கடிதத்தோடு அந்த ஆளின் விளம்பரத் துண்டு ஒன்றும் இருந்தது. வழவழப்பான காகிதத்தில் படம். தலை நரைத்திருக்கிறான், கன்னம் உப்பியிருக்கிறான். படத்துக்குக் கீழே அந்த எழுத்துகள், அவற்றுக்கும் கீழே பட்டம் கொடுத்த கழகத்தின் லண்டன் விலாசம். செல்வராஜ் எழுதியிருந்தான்: "பொண்ணோட அப்பா தன்னோட ரிட்டயர்மெண்டு பணம் பூராத்தையும் தை பொறந்ததும் இவர்கிட்டதான் போடப்போறாரு. என்னையும் சேரச் சொல்றாரு. உங்க சிங்கப்பூர் காசும் சும்மாதானே கெடக்கு, கொஞ்சம் அனுப்புங்களேன் மாமா."

அன்றைக்கே பதில் எழுதினேன். இவன்தான் உன் அப்பா உயிருக்கு வந்த காசைத் தின்றவன், பணமும் போடாதே, பத்திரிகையிலும் போடாதே என்று நான்கு பக்கம்.

மூன்று வாரம் கழித்துப் பதில். "மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒரே பேருல எத்தனையோ பேரு இருப்பாங்கன்னு பொண்ணோட அப்பா சொல்றாரு. அந்த எழுத்தும் பரீட்சை எழுதி பாஸ் பண்ண எல்லாருக்கும் குடுக்கறதுதானாம். அம்மாகிட்ட அந்தப் பேரா இந்தப் பேரான்னு கேட்டா, பேச்ச எடுக்காதடான்னு எந்திரிச்சுப் போயிடுது. இவரு லண்டன் பட்டம் வாங்குனவருங்க மாமா."

லண்டன் பட்டம். நான் பதினாறு வருஷத்துக்கு முன்னால் படிக்கட்டில் சொன்ன அதே பொய், ஊரெல்லாம் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

4

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலைச்செல்விக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டால் தலைவலி வரும். அத்தைக்கு நான்கு வரி எழுது என்றால் இரண்டு வரியில் ஏழு பிழை. இவள் நம் பிள்ளைதானா என்று செல்லம் அடிக்கடி புலம்புவாள்.

போன வருஷம் எங்கள் மாடிக்கு ஓர் இன்சூரன்ஸ்காரர் வந்தார். கார்டை நீட்டினார். பெயருக்குப் பின்னால் எழுத்துகள். நான் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். இவள் சோபாவில் உட்கார்ந்தபடியே, "இதுக்கு எத்தனை பேப்பர் அங்கிள்? யாரு நடத்துறாங்க?" என்று கேட்டாள். செல்லம் உள்ளே இழுத்துப்போய்த் திட்டினாள். வந்தவருக்குக் கோபமில்லை. எத்தனை தேர்வு, யார் நடத்துகிறார்கள், எந்த நம்பருக்குப் போன் செய்தால் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றெல்லாம் விவரமாகச் சொன்னார்.

அது நினைவுக்கு வந்தது. விளம்பரத் துண்டை அவளிடம் கொடுத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். படிக்கட்டில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அதை நான் அதுவரை செல்லத்திடம்கூடச் சொன்னதில்லை.

கலைச்செல்வி துண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் படித்தாள். பிறகு தமிழில் பேசினாள்.

"அப்பா, எழுத்துன்னா எல்லாம் ஒண்ணு இல்லப்பா. சிலது காலேஜ்ல படிச்சு வாங்குறது. சிலது வேலை பார்த்துக்கிட்டே பரீட்சை எழுதி வாங்குறது. சிலது சும்மா மெம்பர். காசு கட்டினா சேர்த்துக்குவாங்க, கிளப் மாதிரி. பார்த்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அத எப்படிடி கண்டுபிடிக்கிறது?"

"குடுத்தவங்களக் கேக்கணும். பரீட்சை உண்டா, இவரு பேரு இப்ப லிஸ்ட்ல இருக்கா, தப்பு பண்ணா எடுத்துடுவீங்களா? அவ்வளவுதான்பா. சேர்ல உக்காந்திருக்கிறவர ஏன் கேக்கறீங்க? அவரு ஆமான்னுதான் சொல்வாரு."

அவ்வளவுதானாம். ஒரு குடும்பம் கடலை உடைத்துப் பிழைத்த பதினாறு வருஷம் இந்த மூன்று கேள்வியில் இருந்தது. கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் போர்டைப் பார்த்தோம், கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தோம், நெற்றி நாமத்தைப் பார்த்தோம்.

அவளே என் பெயரில் லண்டனுக்கு இங்கிலீஷில் எழுதினாள். நான் தபால்தலை ஒட்டினேன்.

5

லண்டனிலிருந்து தடித்த உறை வந்தது. கலைச்செல்வி படித்துச் சொல்லச் சொல்ல எனக்குக் காது கூசியது.

நீங்கள் கேட்டிருக்கும் நபர் ஒரு காலத்தில் உறுப்பினராக இருந்தார், பல வருஷமாகச் சந்தா கட்டவில்லை, இப்போது எங்கள் பட்டியலில் இல்லை என்று ஒரே ஒரு வரி. காசு கொடுத்தால் கிடைக்கிற பட்டத்துக்குக்கூட அந்த ஆள் காசு கொடுக்கவில்லை! மிச்சம் முழுவதும் எனக்கு அழைப்பு. தாங்களும் எங்கள் கழகத்தில் சேரலாம், தேர்வு கிடையாது, சேர்ந்ததும் எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம், கண்ணாடிச் சட்டம் போட ஏற்ற சான்றிதழ் தபாலில் வரும். கூடவே விண்ணப்பம்.

"சேருங்கப்பா" என்றாள் மகள்.

"சீ! அந்த எச்சில எனக்கு எதுக்கு?"

"உங்களுக்கு இல்லப்பா. அரும்பாவூர் சாருக்கு. ஃபார்ம்ல எல்லாம் உண்மையே எழுதுங்க. அப்பவும் குடுக்கறாங்களான்னு பார்ப்போம்."

கை கூசத்தான் செய்தது. பெருமாளே, பொய் ஒன்றும் எழுதவில்லை என்று சொல்லிக்கொண்டு நிரப்பினேன். கல்வி: ஒன்பதாம் வகுப்பு, தேர்ச்சியில்லை. தொழில்: கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். நிதித்துறை அனுபவம்: இல்லை. கலைச்செல்வி பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்தாள். கையெழுத்து மட்டும் தமிழில் போட்டேன்.

பணம் அனுப்ப ஜூரோங்கில் பேங்குக்கு அரை நாள் லீவு போட்டுப் போனேன். வெளிநாட்டுக்கு டிராஃப்ட் எடுக்க மூன்று பாரம். 'எதற்காக' என்று ஒரு கட்டம். படிப்புச் செலவா, சந்தாவா, வியாபாரமா என்று கேட்டாள் கவுண்டரில் இருந்த சீனப் பெண். எனக்குச் சொல்லத் தெரியாமல் விண்ணப்பத் தாளையே நீட்டினேன். அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பரீட்சை இல்லையா அங்கிள்? சும்மா கொடுப்பாங்களா?" என்று பக்கத்துக் கவுண்டர்காரியிடமும் காட்டினாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காது வரைக்கும் சூடாகிவிட்டது. கடைசியில் 'சந்தா' என்ற கட்டத்தில் அவளே கோடு போட்டாள்.

மூன்று வாரத்தில் வந்துவிட்டது. கெட்டித் தாள், வளைந்த எழுத்து, ஓரத்தில் சிவப்பு முத்திரை. நடுவில் என் பெயர்: ப. கோவிந்தராசு, எஃப்.ஜி.ஐ.ஏ. அரியலூர் மாடி அறையில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியதும், நானும் அக்காவும் கும்பிடாத குறையாகப் பார்த்து நின்றதும் இதே தாள். அச்சு அசல் இதே முத்திரை.

செல்லம் அதைச் சாமி அலமாரிப் பக்கம் வைக்கவிடவில்லை. செருப்பு வைக்கிற தட்டின் மேல் இரண்டு நாள் கிடந்தது.

6

சான்றிதழையும், நான் நிரப்பிய விண்ணப்பத்தின் நகலையும், லண்டன் கடிதத்தையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். செல்வராஜுக்கு ஒரு கடிதம், சம்பந்திக்கு ஒன்று. அக்காவுக்கும் ஒன்று, அதைச் செல்வராஜ் படித்துக் காட்ட வேண்டும். அதில் நான்கே வரி: "அக்கா, போர்டைப் படித்துச் சொன்னவன் நான். தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னேன். அந்தப் பாவம் என்னுடையது. நீ பெயரை வாயில் எடுக்காததால் பிள்ளைக்கு ஆள் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை சொல்லிவிடு."

பிறகு நடந்ததைச் செல்வராஜ் எழுதியபடி சொல்கிறேன். அவனும் அக்காவும் பஸ் பிடித்து அரும்பாவூர் போயிருக்கிறார்கள். மார்கழி கடைசி. அந்த ஆள் பணம் போடும் பாரங்களோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். தலைமையாசிரியர் என் தபால் முழுவதையும் மேசையில் பரப்பி வைத்திருக்கிறார்.

"சார், நீங்க இதுக்கு எத்தன பேப்பர் எழுதுனீங்க?"

"அதெல்லாம் அந்தக் காலம்ங்க சார். இப்ப யாரு ஞாபகம் வெச்சிருக்கா?" என்றவன் சான்றிதழைப் பார்த்திருக்கிறான். "அட! உங்க சம்பந்தியும் நம்ம ஆளுதானா? ரொம்ப சந்தோசம்ங்க!"

"அவரு ஒம்பதாங் கிளாஸ் பெயிலுங்க. அவரே எழுதியிருக்காரு, பாருங்க."

"அதுல சீனியர், ஜூனியர்னு இருக்குங்க சார்."

"முப்பத்தஞ்சு வருசம் பரீட்சை வெச்சுப் பேப்பர் திருத்துனவன் நான். பரீட்சையே இல்லாத எழுத்தப் பாத்துட்டா எந்திரிச்சு நின்னு கும்புட்டேன்?" தலைமையாசிரியர் லண்டன் கடிதத்தை எடுத்து அவன் முன்னால் நீட்டினாராம். "சரி, சந்தாவாவது கட்டுனீங்களாய்யா?"

அந்த ஆள் அதற்கும் ஏதோ ஆரம்பித்திருக்கிறான். அப்போது அக்கா உள்நடைப் பக்கமிருந்து முன்னால் வந்து, அந்தப் பெயரைச் சொன்னாளாம். இனிஷியலோடு. செல்வராஜ் எழுதுகிறான்: "அம்மா வாயில அந்தப் பேர நான் அன்னிக்குத்தான் மாமா கேட்டேன். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது."

"கல்லங்குறிச்சியில, துளசியோட ரசீது குடுத்தியே. என் வூட்டுக்காரர் உசுருன்னு சொல்லி வாங்குனியே. நெனவிருக்கா?"

அவன் அக்காவை மேலும் கீழும் பார்த்திருக்கிறான். "யாரும்மா நீங்க? தெரியலியே" என்று சொல்லி, பாரங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு, செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

திருடியதைக்கூட ஒருநாள் பெருமாள் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் யாரென்று தெரியவில்லை என்றானே! எட்டு மாதம் தன் மாடிப்படி ஏறி வந்தவளை அவன் நினைவில்கூட வைத்துக்கொள்ளவில்லை. த்தூ.

அக்கா வாசலுக்குப் போய், சம்பந்தி வீட்டுச் செம்பில் தண்ணீர் மொண்டு, மூன்று தடவை வாய் கொப்பளித்தாளாம்.

7

அச்சான பத்திரிகை போன வாரம் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். வாழ்த்துவோரில் ஒரு வரி குறைந்திருக்கிறது. சம்பந்தி பணம் தபால் ஆபீஸில் இருக்கிறது. கலைச்செல்வி பத்திரிகையைத் தானே எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். என் பெயர் வந்ததும் நிறுத்தினாள். அதன் பின்னால் நான் எழுதச் சொன்னதே இருந்தது: தாய்மாமன். அதை எந்தப் பரீட்சை எழுதியும் வாங்க முடியாது, காசு கட்டியும் வாங்க முடியாது.

லண்டன்காரர்கள் விடுவதாக இல்லை. அடுத்த வருஷச் சந்தா கட்டாவிட்டால் எழுத்துகளை உபயோகிக்கக் கூடாது என்று அதற்குள் நினைவூட்டுக் கடிதம். கிழித்துப் போட்டேன்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. செல்வராஜ் எழுதுகிறான்: பெரம்பலூரில் போர்டு இன்னும் இருக்கிறதாம். படியில் ஆட்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். அவர்களில் எழுத்து தெரியாத அக்கா ஒருத்தி இருப்பாள். பக்கத்தில் என்னைப் போல ஒரு தம்பியும் இருப்பான்.

தம்பி, நீ இதைப் படித்தால் உனக்குச் சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்று அக்காவிடம் சொல். கொடுத்தவர்களுக்கு எழுதிக் கேள். நல்ல பட்டம் உள்ளவரிடமும், உங்களுக்கு யார் கமிஷன் தருகிறார்கள் என்று கேள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடமிருந்து இறங்கி வந்துவிடு.

இவ்வளவு எழுதியும் நானும் பெயரைச் சொல்லாமலே வந்துவிட்டேன். பழக்கம் விடமாட்டேன் என்கிறது. என் அக்கா சொல்லிவிட்டாள். அவளைவிட நான் மானஸ்தன் இல்லை.

அந்த ஆள் பெயர் வை. தனகோபால். பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.